முதல் குண்டுதான் கணக்கு

எங்கள் பக்கத்தில் மருமகளாக வந்தவள், புருஷனைவிட மூத்த ஆம்பளைகளின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. சுற்றி வளைத்து ஏதாவது சொல்லி ஒப்பேற்ற வேண்டும். நான் தாஷ்-புலாக்குக்கு வாழ வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. சுற்றி வளைத்துச் சுற்றி வளைத்து நாக்கே கோணிப்போய்விட்டது. இப்போது நேராகவே சொல்கிறேன்: ஆசன்குல். எங்கள் வேட்டைச் சங்கத் தலைவரின் பெயர் ஆசன்குல். சொல்லிவிட்டேன், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

என் பெயர் கலிபா. வயது நாற்பத்து நாலு. என் வீட்டுக்காரர் சகின் ஒன்பது வருஷம் எங்கள் மலைக்குக் காவல்காரராக இருந்தார். இருந்தார் என்றால் காகிதத்தில் இருந்தார். வேலையில் சேர்ந்த முதல் குளிர்காலமே பனி வெளிச்சம் அவர் கண்ணைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. எதிரே நிற்பது குதிரையா கழுதையா என்று கனைத்தால்தான் அவருக்குத் தெரியும். அதனால் மலை ஏறியது நான். காட்டாடுகளை எண்ணியது நான். திருட்டு வேட்டைக்கு வந்தவனை விரட்டியது நான். பட்டியில் இறங்கிய ஓநாயைச் சுட்டதும் நான்தான். வருஷக் கடைசியில் சங்கத்துப் பதிவேட்டில் என்ன எழுதுவார்கள் தெரியுமா? சகின், நாலு ஓநாய். சகின், ஆறு ஓநாய். அந்த நாலையும் ஆறையும் யார் சுட்டது என்று ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்கள், நானும் இருந்தேன்.

இந்த வருஷம் இலையுதிர்காலத்தில் மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கண் சோதனைக்குப் போகச் சொன்னார்கள். டாக்டர் சுவரில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னாராம். இவர் எந்தச் சுவர் என்று கேட்டாராம். அதோடு வேலை போயிற்று. சங்கத்தின் பழைய துப்பாக்கியையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அது தாத்தா காலத்து ராணுவத் துப்பாக்கி, குழல் உள்ளே தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. போனது போகட்டும் என்று விட்டேன். ஆனால் காவல் வேலையை விடுவதாக இல்லை. சங்கக் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்று, அந்த வேலையை எனக்குக் கொடுங்கள், இந்தத் தடவை என் பெயரிலேயே கொடுங்கள் என்று கேட்டேன்.

சங்கத்தில் பதினைந்து பேர். பதினைந்து பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசன்குல்தான் தொண்டையைச் செருமினார்.

"மருமகளே, காவல் வேலைங்கிறது டீ போட சமோவாருக்குத் தண்ணி ஊத்துற வேலை இல்ல."

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"ஒம்பது வருஷமா அந்தக் காவலை யாரு பாத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணே?" என்றேன்.

அவர் வேறு ஒரு ஆளை வைத்திருந்தார். அவருடைய தங்கை மகன் நூர்தொலோத். நூரிக் என்று கூப்பிடுவோம். முப்பது வயது, நல்ல உயரம். பட்டாளத்தில் இருந்தவன். நகரத்தில் ஏதோ கிளப்பில் சேர்ந்து தூரத்து இலக்கைச் சுடும் போட்டியில் இரண்டு கோப்பை வாங்கியவன். கெட்ட பையன் என்று சொல்ல மாட்டேன். மாமா தள்ளிவிட்ட இடத்தில் போய் நிற்பான், அவ்வளவுதான். ஆசன்குல் அவனை எழுப்பி நிறுத்திவிட்டு, காவலுக்கு ஆள் தயார் என்றார்.

அப்போதுதான் துப்பாக்கிப் பேச்சு வந்தது. நரின் நகரத்திலிருந்து ஒரு வியாபாரி இரண்டு துப்பாக்கிகளை ஒரு வாரத்துக்குப் பார்க்கக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். இரண்டில் ஒன்றைத்தான் சங்கம் வாங்கும். அது புதுக் காவல்காரர் கையில் இருக்கும். இரண்டுமே ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளுகிற ஜாதி, இரண்டுக்கும் ஒரே தோட்டா. அதற்கு மேல் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

முதலாவது நீளம். குழல் என் மணிக்கட்டுப் பருமன். கன்னம் வைக்கும் இடத்தை ஏற்றலாம், இறக்கலாம். முன்னால் ஊன்றுவதற்கு இரண்டு கால். மேலே பால்புட்டி அளவுக்கு ஒரு ஸ்கோப். தூக்கிப் பார்த்தேன், ஏழு கிலோவுக்குக் குறையாது. பொய் சொல்லக் கூடாது, அருமையான பொருள். விசையைத் தொட்டால் போதும், நினைத்தவுடன் விடுகிறது. சமவெளியில் கம்பளம் விரித்துப் படுத்துக்கொண்டு அறுநூறு மீட்டருக்குச் சுட வேண்டும் என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன்.

இரண்டாவது குட்டை, மெல்லிய குழல், மூணு கிலோ. ஸ்கோப் சின்னது, ஆனால் கண்ணை வைத்த உடனே முழு மலைச்சரிவும் தெரிகிறது. பெரிய ஸ்கோப்பில் ஓநாயின் மீசை முடியை எண்ணலாம், ஆனால் ஓநாய் எங்கே என்று தேடுவதற்குள் அது அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும். போல்ட்டின் குமிழ் பெரிசு, கையுறையோடு பிடிக்கலாம். தோளில் மாட்டினால் நாள் முழுக்க ஏறலாம். நான் இதைத்தான் தோளில் வைத்துப் பார்த்தேன். வைத்ததும் இறக்க மனசு வரவில்லை.

"சின்னது பொம்பளைக்குச் சரியாத்தான் இருக்கும்," என்றார் ஆசன்குல்.

"மலைக்குச் சரியா இருக்கும் அண்ணே. மலைக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது."

சரி, சுட்டுப் பார்த்துவிடுவோம் என்று எல்லோரும் ஆற்றங்கரைச் சமவெளிக்குப் போனோம். டிராக்டர் கலப்பையின் வட்ட இரும்புத் தட்டு ஒன்றை அறுநூறு மீட்டரில் நட்டார்கள். நூரிக் கம்பளத்தை விரித்துப் படுத்தான். காற்றைப் பார்த்தான், ஸ்கோப்பைத் திருகினான், ஒரு சின்ன நோட்டைப் பார்த்தான், மறுபடி திருகினான். நான் ஒரு டீ போட்டுக் குடித்திருக்கலாம். ஆனால் சுட்டான் பாருங்கள், அஞ்சுக்கு அஞ்சு. ஒவ்வொரு தடவையும் தட்டு டங் டங் என்றது. ஆசன்குல் முகத்தில் பெருமை வழிந்தது.

நான் முன்னூறு மீட்டரில் ஒரு பலகையை வைக்கச் சொன்னேன். ஆசன்குல் உடனே, அஞ்சையும் நிறுத்தாமல் சுடு என்றார். முதல் மூணும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. நாலாவது நாலு விரல் தள்ளிப் போனது. அஞ்சாவது ஒரு சாண். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பிவிட்டது.

"கை சோர்ந்துபோச்சு, பாவம்," என்றார் ஆசன்குல்.

நான் போய் அவர் கையுறையைக் கழற்றி, அவர் உள்ளங்கையைக் குழல்மேல் வைத்து அழுத்தினேன். சுள்ளென்று கையை இழுத்துக்கொண்டார்.

"கை சோரல அண்ணே, குழல் சூடாயிருச்சு. மெல்லிசா இருந்தா சூடு ஏறும், ஏறினா விலகும். அது எனக்கும் தெரியும். அஞ்சாவது குண்டுக்கு எந்த ஓநாய் நிக்குது சொல்லுங்க. பட்டியில ஆட்டைக் கடிச்சிட்டு, கலிபா இன்னும் ரெண்டு குண்டு சுடட்டும்னு காத்துக்கிட்டு இருக்குமா? ராத்திரி பூரா குளிர்ல கிடந்த துப்பாக்கி, விடிஞ்சதும் முதல் குண்டு எங்க போகுது, அதுதான் கணக்கு. அதைச் சோதிங்க."

இந்த முறை சிரித்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். கூட்டத்தில் இருந்த கிழவர் மாம்பெத், அறுபது வருஷம் வேட்டையாடியவர், அவள் சொல்வது நியாயம்தான் என்றார். ஆசன்குல் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். பிறகு ஆபீசுக்கு வந்து காகிதம் எடுத்து எழுதினார். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து ஊர்க் குதிரைக்குட்டிகளை அடிக்கிற அந்தக் கறுப்பு முதுகு மலை ஓநாயை வெள்ளிக்கிழமைக்குள் யார் கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் இறக்குகிறார்களோ அவருக்குக் காவல் வேலை, அவர் சுமக்கும் துப்பாக்கியையே சங்கம் வாங்கும். பதினைந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் ஓரத்தில் போட்டேன்.

மலையில் தங்க எங்கள் குளிர்கால வீட்டை விட்டால் வேறு இடம் இல்லை. மண்சுவர், ஒரே அறை, பக்கத்தில் கொட்டில். அதனால் என் எதிரி எனக்கே விருந்தாளியாக வந்து சேர்ந்தான். சகினுக்கு ஒரே சந்தோஷம். விருந்தாளி வந்தால் அவருக்குக் கண்கூடத் தெரிய ஆரம்பித்துவிடும். ஆட்டுக்கறி வேகவைத்தார், போர்சோக் மாவுத் துண்டுகள் பொரிக்கச் சொன்னார், நூரிக்கை வாசலுக்கு எதிரே மேல்பக்கத்து மெத்தையில் உட்காரவைத்தார். எங்கள் வீட்டில் கௌரவமான இடம் அது, அடுப்பு பக்கத்திலேயே இருக்கும்.

வெளியே குளிர் பூஜ்யத்துக்கு இருபத்தெட்டு டிகிரி கீழே போயிருந்தது. நான் என் துப்பாக்கியைத் தோட்டா எடுத்துவிட்டு, துணியில் சுற்றி, கொட்டிலில் தொங்கவிட்டுப் பூட்டினேன். போல்ட்டில் எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லாமல் ஏற்கெனவே துடைத்து வைத்திருந்தேன். மலைக்காரர்கள் குளிர்காலத்தில் துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். கொண்டுவந்தால் வேர்க்கும்.

ஆனால் சகின் என்ன செய்தார்? நூரிக்கின் பெரிய துப்பாக்கியை வாசலில் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. விருந்தாளியின் பொருளை வெளியே பனியில் விடுவதா, ஊர் நம்மை என்ன பேசும் என்று அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, மேல்பக்கத்தில் நூரிக் பக்கத்திலேயே தலையணை வைத்துச் சாய்த்தார். விருந்தாளிக்கு மெத்தை, துப்பாக்கிக்குத் தலையணை. விருந்தாளிக்கு வைக்கிற ஆட்டுத் தலையில் அதற்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுக்காததுதான் பாக்கி.

எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. அவன் தோற்றால் எனக்கு நல்லதுதான். ஆனால் இப்படியா ஜெயிப்பது? சொல்லிவிட்டேன்.

"நூரிக், அதைக் கொண்டுபோய் கொட்டில்ல வை. உள்ள இருந்தா கெட்டுப்போகும்."

அவன் டீக்கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"கொட்டில் சாவி யாருகிட்ட இருக்கு அண்ணி?"

"என்கிட்ட."

"அப்ப இது என் பக்கத்திலேயே இருக்கட்டும். எங்க மாமா சொல்லித்தான் அனுப்பினாரு, அண்ணி கையில துப்பாக்கி மாட்டினா திருகாணி ஒண்ணு ரெண்டு காணாமப் போகும்னு."

கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஒன்பது வருஷம் இந்த மலையைக் காத்தவள்மேல் திருட்டுப் பழியா? சாவியை அவன்மேல் விட்டெறிந்து, நீயே வைத்துக்கொள் போ என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பான். நான் சொல்லவில்லை. கேலிக்குப் பதில் சொல்வேன், பழி விழுந்தால் எனக்கு வாய் பூட்டிக்கொள்ளும், அது என் பிறவிக் குணம். குளிர்ந்த துப்பாக்கி அடுப்புச் சூட்டில் கொஞ்ச நேரத்திலேயே வேர்த்துக் கொட்டியது. நூரிக் அதைத் தன் கழுத்துத் துணியால் அன்பாகத் துடைத்து, போல்ட்டுக்குத் தாராளமாக எண்ணெய் விட்டான். வெளியே தெரிந்த ஈரம் போனது. உள்ளே இருந்த ஈரத்தை யார் பார்த்தது?

விடிவதற்குக் கொஞ்சம் முன்பே கிளம்பினோம். கிளம்பும்போது அவன் விருந்தாளி என்பதால் முதல் குண்டு அவனுக்கு என்று நானே சொன்னேன். எங்கள் வழக்கம் அது, எதிரி என்றாலும் மாறாது. குதிரைகளைப் பாறைக்குக் கீழே கட்டி, கூட வந்த சகினை அவற்றுக்குக் காவலாக நிறுத்திவிட்டு, நானும் நூரிக்கும் நடந்து ஏறினோம். ஏழு கிலோவும் முழங்கால் பனியும் அவனைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. நாற்பது அடிக்கு ஒரு தடவை நின்றான். எனக்கு மூச்சு வாங்கவில்லை என்று சொன்னால் பொய், ஆனால் அவனுக்குத் தெரியும்படி வாங்கவில்லை.

முகட்டுக்கு வந்து படுத்தோம். கீழே இருநூற்றைம்பது மீட்டர் சரிவில், இரண்டு நாள் முன்பு அடிபட்ட எங்கள் குதிரைக்குட்டியின் மிச்சம் கிடந்தது. வெளிச்சம் சாம்பல் நிறத்தில் பரவ ஆரம்பித்தபோது வந்தது. தனியாக வந்தது. பெரிய ஆண் ஓநாய், முதுகு கறுப்பு. சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, தலையைத் தாழ்த்தித் தின்ன ஆரம்பித்தது.

நூரிக் கண்ணை ஸ்கோப்பில் வைத்தான். உடனே எடுத்தான். கண்ணாடி முழுக்க மெல்லிய பனித் தகடு. நகத்தால் சுரண்டினான், மறுபடி வைத்தான். இந்தத் தடவை தெரிந்திருக்கிறது, ஏனென்றால் உடம்பு அசையாமல் நின்றது. அந்த நிமிஷம் அவன் உண்மையிலேயே நல்ல குறிகாரன், அதை நான் மறுக்க மாட்டேன். விசையை அழுத்தினான்.

டிக் என்றது. அவ்வளவுதான்.

போல்ட்டை இழுத்தான். பசை தடவின மாதிரி நகர்ந்தது. வேறு தோட்டாவைத் தள்ளி மறுபடி அழுத்தினான். மறுபடியும் டிக். அந்தச் சத்தத்துக்கு ஓநாய் தலையைத் தூக்கி நேராக எங்கள் முகட்டைப் பார்த்தது. நூரிக் என் பக்கம் திரும்பினான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அண்ணி, நீங்க சுடுங்க."

சரிவு கீழ்நோக்கிச் செங்குத்து. அப்படிச் சுட்டால் குண்டு நினைத்ததைவிட மேலே போகும். ஒரு உள்ளங்கை அளவு கீழே பிடித்தேன். என் துப்பாக்கி இரவெல்லாம் கொட்டிலில் கிடந்து கல்லாக உறைந்திருந்தது, உள்ளே ஈரம் இல்லை, எண்ணெய் இல்லை. ஒரே குண்டு. ஓநாய் நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தது, காலைக்கூட உதறவில்லை.

நூரிக் அந்தப் பெரிய துப்பாக்கியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினான். நான் அவன் போல்ட்டைக் கழற்றச் சொல்லிக் காட்டினேன். தோட்டாவை அடிக்கிற ஊசி இருக்கும் குழியில் பனி வெள்ளையாக உறைந்திருந்தது, எண்ணெய் மெழுகாகக் கெட்டியாகியிருந்தது.

"வேர்த்தது உறைஞ்சுபோச்சு," என்றேன்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்."

அவன் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமா. சொன்னீங்க," என்றான்.

அவன் முன்னால் குதிரையை விட்டான். மாமாவிடம் தானே போய் நடந்ததைச் சொல்லிவிடுவதாகச் சொன்னான். எனக்கும் அது சரி என்று பட்டது. நானும் சகினும் ஓநாயைப் பனியில் இழுத்து, கயிறு கட்டி, என் குதிரையின் சேணத்துக்குப் பின்னால் ஏற்றி, மெதுவாக இறங்கினோம். வழியெல்லாம் சகின் ஓநாயின் முதுகைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார். பெரிசு, பெரிசு என்றார். என் மனசு நிறைந்து கிடந்தது. இந்தத் தடவை பதிவேட்டில் கலிபா என்று எழுதுவார்கள். எழுதித்தான் ஆக வேண்டும், பதினைந்து கையெழுத்து இருக்கிறது.

ஊர்ப் பாலத்துக்கு வந்தோம். பாலத்தில் ஆசன்குல் நின்றார். பின்னால் சங்கத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர், கிழவர் மாம்பெத்தும் இருந்தார். நூரிக் ஓரமாகத் தலையைக் குனிந்து நின்றான். வரவேற்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆசன்குல் இரண்டு அடி முன்னால் வந்து என் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஷிரால்கா!"

எங்கள் ஜனங்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். வேட்டையிலிருந்து திரும்புகிறவரை வழியில் யாராவது சந்தித்து ஷிரால்கா என்று கேட்டால், வேட்டையைக் கொடுத்துவிட வேண்டும். மான் என்றாலும் சரி, நரி என்றாலும் சரி. இல்லை என்று சொன்ன வேட்டைக்காரன் இதுவரை கிடையாது. சொன்னால் அவன் துப்பாக்கிக்கு அதோடு அதிர்ஷ்டம் போய்விடும், ஊர் அவனோடு அடுத்த முறை மலை ஏறாது.

அவர் எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. காகிதத்தில் என்ன எழுதியிருந்தார்? யார் சுடுகிறாரோ என்று இல்லை. யார் கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் இறக்குகிறாரோ என்று. ஓநாயை வாங்கி மருமகன் கையில் கொடுப்பார், அவன் வாசலில் இறக்குவான். பாலத்துக்கும் ஆபீசுக்கும் நடுவே நூறு அடி. அந்த நூறு அடியில் என் ஒன்பது வருஷத்தோடு பத்தாவதும் போகப் பார்த்தது.

சகின் என் கால் பக்கத்தில் வந்து, கொடுத்துவிடு கலிபா, கேட்டுவிட்டார், கொடுக்காமல் இருக்க முடியாது என்று முனகினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபத்தில் வருகிற அழுகை. கண்ணைத் துடைக்காமல் குதிரையிலிருந்து இறங்கி, முடிச்சை அவிழ்த்து, ஓநாயைத் தரையில் இறக்கினேன். கயிற்றின் நுனி என் கையில் இருந்தது. ஆசன்குல் கையை நீட்டினார்.

நான் கயிற்றை விடவில்லை.

"தர்றேன் அண்ணே. தராம எங்க போகப் போறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க கேட்டீங்களே ஷிரால்கான்னு, அதை யாருகிட்ட கேப்பாங்க?"

அவர் புரியாமல் பார்த்தார்.

"தண்ணி எடுத்துட்டு வர்ற பொம்பளைகிட்ட கேப்பாங்களா? ஆட்டை ஓட்டிட்டு வர்றவன்கிட்ட கேப்பாங்களா? சமோவாருக்குத் தண்ணி ஊத்துறவகிட்ட கேப்பாங்களா?"

கூட்டத்தில் முதலில் சிரித்தது மாம்பெத் கிழவர். அவருக்கு என் பேச்சு எங்கே போகிறது என்று முன்பே தெரிந்துவிட்டது. வேட்டைக்காரனிடம்தான் கேட்பார்கள், வேறு யாரிடம் கேட்டாலும் வார்த்தை செல்லாது என்றார். மற்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆசன்குல் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அதுவும் முடியாது. கேட்ட ஷிரால்காவை வேண்டாம் என்று சொன்னால், கேட்டவன் வாயில் மண் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"வாங்கிக்கங்க அண்ணே," என்றேன். "ஆனா சும்மா வாங்கக் கூடாதே. வாழ்த்திட்டுத்தானே வாங்கணும்?"

அதுவும் வழக்கம். வேட்டையை வாங்குகிறவர் இரண்டு கையையும் விரித்து, கொடுத்தவரை மெர்கென் என்று அழைத்து வாழ்த்த வேண்டும். குறி தவறாத வேட்டைக்காரருக்கு மட்டும்தான் அந்தப் பட்டம். எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறவர்களில் மாம்பெத் ஒருவரைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள்.

பாலத்தின் கீழே ஆறு பாதி உறைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆசன்குல் கயிற்றைப் பார்த்தார், ஓநாயைப் பார்த்தார், கடைசியில் கையை விரித்தார். உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கல அண்ணே. எனக்கு மலைக் காத்துல காது அடைச்சுக்கிட்டு இருக்கு."

"உன் குறி தப்பாம இருக்கட்டும்," என்றார்.

"அப்புறம்?"

"உன் வழி திறந்து இருக்கட்டும்... மெர்கென்."

எல்லோரும் முகத்தைக் கையால் தடவி ஆமீன் என்றார்கள். சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் சொன்னார்கள், நூரிக்கும் சொன்னான். நான் கயிற்றை விட்டேன்.

ஆசன்குல் கயிற்றை நூரிக் பக்கம் நீட்டினார். அவன் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். பிடிடா என்றார். அண்ணியிடம் நீங்கள்தானே கேட்டீர்கள், நீங்களே தூக்குங்கள் என்று அவன் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அறுபது வயதில் அவ்வளவு பெரிய ஓநாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அவர் நடுப்பாலத்தில் நின்றார். இழுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

கடைசியாக அவருக்கு ஞாபகம் வந்தது. துப்பாக்கியையாவது கொடுத்துவிட்டுப் போ, சங்கத்தின் பொறுப்பில் வந்தது என்றார்.

நான் ஏற்கெனவே குதிரைமேல் ஏறியிருந்தேன்.

"ஷிரால்காவுக்கு வேட்டையைத்தான் கொடுப்பாங்க. துப்பாக்கியைக் கொடுத்ததா யாராவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"

இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிய மாம்பெத், மெர்கென் இருக்க மலைக்கு வேறு காவல் எதற்கு என்றார். குதிரையைத் தட்டினேன். பாலத்தில் நின்றவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி எனக்கு வழி விட்டார்கள்.